வகுப்புக்கு மட்டும்

அற்புதம் டீச்சரைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், படித்து முடித்தபின் நீங்கள் சொல்லிக்காட்ட வேண்டாம். ஆனால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. காரமடைக்கு மேற்கே, கறிவேப்பிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஒன்பது வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்த அம்மாளைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதும்? ஒரே ஒருமுறை எழுதியது, அதையும் தப்பாக எழுதியது. நான் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர். இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

டீச்சர் பிறந்தது வெள்ளகோவில் பக்கம். அப்பா, அம்மா இருவரும் தோட்டக் கூலிகள். அப்பா காலத்தில் வேதத்துக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம். மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலை கிடைத்து இங்கே வந்தார். குள்ளமான உருவம். நடையில் மட்டும் எப்போதும் பஸ்ஸைப் பிடிக்கப்போகிற வேகம். காலை வழிபாட்டுக்கு ஒருநாள்கூட அவர் தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை. நான் வந்திருக்கிறேன்.

பள்ளிக்குப் பத்து டேப்லெட் வந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? தலைமையாசிரியர்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். எண்ணி வாங்கி, பதிவேட்டில் ஏற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். உடைந்தால் யார் பதில் சொல்வது? ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு டீச்சர் என் அறைக்கு வந்தார்.

"ஏனுங் சார், பீரோவுக்கு எதுக்குங்க டேப்லெட்டு? அது என்ன பரிட்சை எழுதப்போவுதுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் சாவியைக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

முதல் வாரம் பிள்ளைகள் ஆடித் தீர்த்தார்கள். என் முகத்துக்கு நாய்க்காது ஒட்டிய படம் ஒன்று எட்டாம் வகுப்பில் சுற்றி வந்ததாகக் கேள்வி. டீச்சர் எதையும் பிடுங்கவில்லை. "பாத்தது போதும் கண்ணுகளா, இனி ஏதாச்சும் செய்யலாம்" என்றார். புளியங்கொட்டைகளை விரற்கடை விரற்கடையாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு படம் எடுத்து, சோறு குடலுக்குள் போகிற கதையைப் பிள்ளைகள் ஓடவிட்டார்கள். மழைக் குட்டையில் தவளைச் சத்தத்தைப் பதிந்துவந்து எத்தனை வகை என்று பிரித்தார்கள். எந்தத் தெருக் குழாயில் எந்த நாள் தண்ணீர் வருகிறது என்று படத்தோடு ஒரு வரைபடம் போட்டார்கள். செயற்கை நுண்ணறிவிடம் எங்கள் ஊரைப் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். அது எங்கள் ஊரில் வற்றாத நதி ஓடுவதாக எழுதிக் கொடுத்தது. அதில் எத்தனை பொய் என்று எண்ணிக் கண்டுபிடிப்பதுதான் அன்றைய பாடம். "அது சொன்னதையெல்லாம் நம்பிப்போட்டா அப்பறம் நாம எதுக்கு கண்ணு?" என்று டீச்சர் கேட்ட சத்தம் என் அறைவரை கேட்டது.

பிறகு ஒரு தப்பு நடந்தது. சத்துணவு சமைக்கிற பழனியாத்தாள், மத்தியான வேலை முடித்து வாய் பிளந்து தூங்குவதை ஒரு பிள்ளை எடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டது. அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதது. மறுநாள் டீச்சர் ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டார். எதை எடுக்கப்போகிறாய், யாரைக் கேட்டாய், அவர் என்ன சொன்னார், யாருக்குக் காட்டலாம் என்று நாலு கட்டம். எடுக்கப்படுகிறவர் கையெழுத்து அல்லது கைநாட்டு. கடைசியில் தலைமையாசிரியர் கையெழுத்து.

"எடுக்கறதுக்கு மின்னால ஒருக்கா கேக்கோணும். அனுப்பறதுக்கு மின்னால மறுக்காவும் கேக்கோணும். நோட்டுல எழுதாம ஒருத்தரும் டேப்லெட்டத் தொடக்கூடாது."

பிள்ளைகள் அதை வாய்ப்பாடு மாதிரி சொல்வார்கள். மாலையில் நோட்டு என் மேசைக்கு வரும். நான் போன் பேசிக்கொண்டே கையெழுத்துப் போடுவேன்.

எட்டாம் வகுப்பில் இளவேனில் என்று ஒரு பெண். அதிகம் பேசாது, பேசினால் தரையைப் பார்த்துப் பேசும். அதன் அம்மா பாவாத்தாள், வேங்கடசாமி என்பவரின் கறிவேப்பிலைத் தோட்டத்தில் வேலை. இளவேனில் அம்மாவைப் படம் எடுக்க நினைத்தது. அம்மாவுக்கு முகம் காட்ட வெட்கம். சரி, கையை மட்டும் எடுக்கிறேன் என்றது. அம்மாவிடம் கேட்டது, தோட்டக்காரப் பண்ணாடியிடமும் கேட்டது. இருவரும் நோட்டில் ஒப்புக்கொண்டார்கள். ஒரு சனிக்கிழமை முழுக்கக் கூடவே நடந்து ஆறு நிமிடப் படம் எடுத்தது.

ஆறு நிமிடமும் கைதான். கொடுவாள் பிடிக்கிற கை, தழையை அறுக்கிற கை, கட்டுக் கட்டுகிற கை, முள் குத்தியதைப் பல்லால் எடுக்கிற நேரத்தில் மட்டும் கொஞ்சம் தாடை. நாலாவது நிமிடத்தில் இரண்டு கைகள் குவிந்து நீள்கின்றன. மேலேயிருந்து ஒரு சொம்பு சாய்கிறது. உச்சிவெயிலில் தண்ணீர் மெல்ல மெல்ல விழுந்து விரலிடுக்கில் வழிகிறது. அந்த இடத்தைப் பிள்ளை வேகம் குறைத்து வைத்திருந்தது. பின்னால் திட்டில் எவர்சில்வர் டம்ளர்கள் கவிழ்த்து அடுக்கியிருக்கின்றன.

வெள்ளிக்கிழமை வகுப்பில் போட்டுக் காட்டினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். சொல்கிறேன், மறைக்கவில்லை: முதலில் கைதட்டியது நான்தான். அவ்வளவு அழகு.

இப்போது யோசித்தால் எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது. டம்ளர்கள் பக்கத்திலேயே இருக்கும்போது பாவாத்தாள் ஏன் கையேந்திக் குடிக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. என் அப்பாவின் தோட்டத்தில் அப்படித்தான் ஊற்றுவோம், நானே ஊற்றியிருக்கிறேன். டீச்சருக்கும் தோன்றவில்லை. சின்ன வயதில் அப்பா அம்மாவோடு வேலைக்குப் போய் அப்படிக் குடித்து வளர்ந்தவர். இளவேனிலுக்கும் தோன்றவில்லை. ஊற்றினவன் வீட்டுப் பிள்ளை, வாங்கிக் குடித்த வீட்டுப் பிள்ளை, இன்றும் குடிக்கிற வீட்டுப் பிள்ளை, மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து தண்ணீரின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"டீச்சர், அதை எனக்கு அனுப்புங்க. ஊட்ல போய் மறுக்கா பாக்கறேன்" என்றேன்.

அவர் தயங்கினார். "சார், வகுப்புக்கு மட்டும்னு எழுதியிருக்குதுங்களே."

"நா என்ன அசலாரா அம்மணி?"

தலைமையாசிரியர் கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்கள் துறையில் கிடையாது. அனுப்பினார். நான் வீடு போய்ச் சேரும்வரைகூடப் பொறுக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே, எங்கள் பக்கத்துத் தலைமையாசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'எம் பள்ளி மாணவியின் படைப்பு' என்று ஒரு வரி, கீழே நாலு கைதட்டல். பெருமை எனக்குத்தானே சேர வேண்டும்!

அந்தக் குழுவில் நூற்றுச் சொச்சம் பேர். அவர்களில் ஒருவருக்குக் கண் இருந்தது. டம்ளரையும் கையையும் சேர்த்துப் பார்த்தது. படம் எங்கேயோ போய், யாரோ தண்ணீர் ஊற்றுகிற பதினான்கு நொடியை மட்டும் வெட்டி, எங்கள் ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு விட்டார்கள். திங்கட்கிழமை நான் அழிக்கப் பார்த்தேன். எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்கிற கெடு தாண்டியிருந்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

புதன்கிழமைக்குள் கேமராக்காரர்கள், அதிகாரிகள், கட்சிக்காரர்கள், போலீஸ் என்று எல்லோரும் வந்தார்கள். வேங்கடசாமியைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். மனுஷன் நிஜமாகவே புரியாமல் நின்றார். "கேட்டப்ப கையெழுத்துப் போட்டேன். தண்ணி கேட்டப்ப ஊத்துனேன். நா என்னங்க தப்புப் பண்ணுனேன்?" என்றார். அவருடைய இடத்தில் நின்றிருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

பாவாத்தாளிடம் ஓர் அதிகாரி கேட்டார், நான் பக்கத்தில் இருந்தேன். "டம்ளர் கேக்க வேண்டியதுதானேம்மா?"

"கேக்கோணும்னே தோணலீங்க. இப்பத்தானுங்க தோணுது" என்றது அந்த அம்மாள்.

சென்னையிலிருந்து போனில் பேசிய ஒருவர், உண்மை வெளியே வந்தது நல்லதுதானே என்றார். நல்லதுதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் உண்மையை வெளியே விட்டவர்கள் பத்து நாளில் வேறு உண்மைக்குப் போய்விட்டார்கள். சுற்றுத் தோட்டங்களில் பாவாத்தாள் இருந்த காலனியின் ஆட்களுக்கு வேலை இல்லையென்று ஆகிவிட்டது. காலனியிலேயே பாவாத்தாளிடம் முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. "உம்பட புள்ள படம் எடுத்து எங்க அடுப்ப அணைச்சுப்போட்டா" என்று வாசலில் வந்து நின்று ஏசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வழக்கு சமாதானத்தில் முடிந்தது. வேங்கடசாமி தோட்டத்தில் இப்போது காகித டம்ளர் வைத்திருக்கிறார். அந்த ஆட்களுக்கு மட்டும் காகித டம்ளர்.

பள்ளியில் விசாரணை நடந்தது. படம் எப்படி வெளியே போனது என்பதுதான் கேள்வி. பிள்ளைதான் பரப்பியிருக்கும் என்று முடிவு செய்துகொண்டே அதிகாரி வந்திருந்தார். இளவேனில் தரையைப் பார்த்து நின்றது. அற்புதம் டீச்சர் எழுந்தார்.

"பிள்ளைங்க யாரும் அனுப்பலீங்க சார். எங் கையில இருந்துதானுங்க போச்சு."

பொய் இல்லை, அவர் கையிலிருந்துதான் என் கைக்கு வந்தது. பிறகு என்னைப் பார்த்தார். ஓய்வுக்கு எனக்கு இன்னும் பதினான்கு மாதம். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதிகாரி எழுதிக்கொண்டார். அந்த நீள நோட்டு எங்கே என்று கேட்டிருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். கேட்கவில்லை, அப்படி ஒரு நோட்டு இருப்பதே அவருக்குத் தெரியாது.

டீச்சரை வால்பாறைக்கு மாற்றினார்கள். அவர் மேல் குற்றச்சாட்டுக் குறிப்பு ஒன்றும் ஏறியது. அனுமதியின்றி மாணவியின் காணொளியை வெளியிட்டார் என்று. பத்திரிகையிலும் அப்படியே வந்தது. அனுமதி என்ற சொல்லை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த அம்மாள்தான்.

போகிற நாளில் பத்து டேப்லெட்டையும் துடைத்து, மின்னேற்றி, எண் வரிசையில் அடுக்கி ஒப்படைத்தார். மேலே அந்த நோட்டு.

"இதுவும் உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க சார்."

"டீச்சர், அன்னிக்கு நீங்க என் பேரைச் சொல்லியிருக்கலாம்" என்றேன். என்ன நாக்கு பாருங்கள்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சனுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கையை நீட்டி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர் போனபின் நோட்டைத் திறந்தேன். இளவேனிலின் எழுத்து குண்டு குண்டாக இருந்தது. 'எதை: அம்மாவின் கை. யாரைக் கேட்டேன்: அம்மா, பண்ணாடி. என்ன சொன்னார்கள்: முகம் வேண்டாம், கை எடுத்துக்கொள். யாருக்குக் காட்டலாம்: வகுப்புக்கு மட்டும்.' அதற்குக் கீழே பாவாத்தாளின் கைநாட்டு, வேங்கடசாமியின் கையெழுத்து. அதற்கும் கீழே, பச்சை மையில், தேதியோடு, என் கையெழுத்து. பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

பாவாத்தாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டது. வெள்ளகோவில் பக்கம் ஏதோ ஒரு மில்லில் வேலை என்றார்கள். மாற்றுச் சான்றிதழ் எழுதி வைத்திருக்கிறேன், வாங்க யாரும் வரவில்லை. சான்றிதழ் இல்லாமல் எந்தப் பள்ளியில் சேர்ந்திருக்கும்? சேரவில்லை என்றுதான் நினைக்கிறேன். படம் எடுத்த பிள்ளை.

போன வாரம் பொறுப்பான தொழில்நுட்பப் பயன்பாடு பற்றி ஒவ்வொரு பள்ளியும் ஒரு செயல்பாடு செய்து அறிக்கை அனுப்பச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. டேப்லெட்டுகளை வெளியே எடுத்து ஏழாம் வகுப்பில் கொடுத்து, எதையாவது படம் எடுத்து வாருங்கள் என்றேன். யாரும் அசையவில்லை. ஷ்ரவ்யா என்ற பெண் எழுந்தது.

"சார், நோட்டுங்க?"

"என்ன நோட்டு?"

"அற்புதம் டீச்சர் நோட்டுங்க. எழுதிப்போட்டுத்தானுங்களே எடுக்கோணும்."

சட்டைப் பையில் பீரோச் சாவி நெஞ்சில் உறுத்தியது. நோட்டைக் கொடுத்தால் பக்கத்தைப் புரட்டும், அது படிக்கத் தெரிந்த பிள்ளை.

"அது தொலைஞ்சுபோச்சு கண்ணு. பரவால்ல, நீங்க எடுங்க."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நோட்டு இல்லீன்னா தொடக்கூடாதுங்க சார்" என்றது ஷ்ரவ்யா, எனக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுக்கிற பொறுமையோடு. ஒவ்வொருவராக எழுந்துவந்து, பத்து டேப்லெட்டையும் எண் வரிசை மாறாமல் என் மேசைமேல் அடுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். செயல்பாடு சிறப்பாக நடந்தது என்று அன்று சாயங்காலமே அறிக்கை அனுப்பிவிட்டேன்.