அத்தைக்கு ஒரு மெத்தை

எங்கள் வீட்டில் ஆளுக்கு ஓர் இடத்தில்தான் நல்ல தூக்கம் வரும். அப்பாவுக்குச் சபாவில். மார்கழிக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் தலையைத் தொங்கப் போட்டுவிடுவார். மிருதங்கமும் கடமும் போட்டி போட்டுக்கொண்டிருக்கும், பக்கத்துச் சீட்டுக்காரர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார், அப்பா வேறு லோகத்தில் இருப்பார். எனக்குப் பஸ்ஸில். தி.நகரில் வேலை பார்த்த வருஷங்களில் பனகல் பார்க்கில் ஏறி உட்கார இடம் கிடைத்தால் போதும், மயிலாப்பூர் குளம் வரும் வரை உலகம் தெரியாது. அத்தைக்கு எங்கே தூக்கம் வரும் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அவள் தூங்கி நாங்கள் பார்த்ததே இல்லை.

மிகையாகச் சொல்லவில்லை. அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணமான சூட்டோடு புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். தம்பியை வளர்த்தாள், தம்பியின் கல்யாணத்தைச் சமையலறைக்குள் நின்று பார்த்தாள், பிறகு தம்பி பெண்ணான என்னையும் வளர்த்தாள். தாலி போனவளுக்கு மெத்தை கிடையாது என்பது அவள் காலத்து விதி. விதி போட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அத்தை மட்டும் விடவில்லை. சமையலறைக்கு வெளியே வெறும் சிமெண்டுத் தரையில், தலைக்கு ஒரு மணையை வைத்துக்கொண்டு படுப்பாள். நாங்கள் தூங்கிய பிறகு படுப்பாள், நாங்கள் கண் விழிக்கும்போது குளித்து முடித்திருப்பாள். குளித்துவிட்டால் எங்கள் படுக்கைப் பக்கமே வரமாட்டாள். படுக்கை பட்டுவிட்டால் மறுபடி குளிக்க வேண்டுமே. "அந்தச் சனியனைச் சுருட்டி அந்தாண்ட வையேண்டி" என்று என் மெத்தையைத் திட்டுவாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவளுக்கு இடுப்பு வலி வந்தது. தைலம் தேய்த்துப் பார்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம். கடைசியில் அடையாறில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். புற்று எங்கேயோ தொடங்கி முதுகெலும்புக்கு வந்துவிட்டது, செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "எதுல படுக்கறாங்க?" என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "முதல்ல ஒரு மெத்தை வாங்குங்க" என்றார்.

அத்தையைச் சம்மதிக்க வைப்பது சாமானியமாக இல்லை. டாக்டர் சொன்னார், மருந்து மாதிரி, மருந்துக்கு மடி ஆசாரம் உண்டா என்று அப்பாதான் பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவந்தார். அதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் அவரைப் பற்றி வேறு விதமாகச் சொல்லப் போகிறேன். அக்கா என்றால் அவருக்கு உயிர்.

முதலில் தி.நகரில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். ஏசி, கண்ணாடிக் கதவு, பளபளவென்று பிளாஸ்டிக் உறைக்குள் ஃபோம் மெத்தைகள். டை கட்டிய பையன்கள் ஸ்பிரிங்கைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். அத்தை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இட்லி மாவு மாதிரி இருக்கு, உள்ள போயிட்டா எழுந்துக்க முடியாது" என்று வெளியே வந்துவிட்டாள். ஆட்டோவை ராயப்பேட்டைக்கு விடச் சொன்னேன். அங்கே ஒரு சந்தில் இலவம்பஞ்சு அடைத்து மெத்தை தைக்கிற பாய் ஒருவரின் கடை. வாசலிலேயே பஞ்சு பறந்துகொண்டிருந்தது. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா, கையால தொட்டுப் பாத்தா எப்டி? முதுகுதான சொல்லணும். படுத்துப் பாருங்க. வெள்ளத் துணி விரிச்சித் தரேன், புதுசு" என்றார் பாய்.

கடையில் நாலு பேர் முன்னால் படுப்பதாவது என்று அவள் முறைப்பாள் என்று நினைத்தேன். வலி அன்றைக்கு அப்படி. ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள், சாய்ந்தாள், காலை நீட்டினாள். "கொஞ்சம் இப்படியே இருக்கேன்" என்றாள். அடுத்த நிமிஷம் தூங்கிப் போனாள்.

வெளியே ஆட்டோக்களின் ஹார்ன், உள்ளே பஞ்சு அடிக்கிற சத்தம். எதுவும் அவளைத் தொடவில்லை. பாய் பஞ்சு அடிப்பவரை நிறுத்தச் சொல்லிவிட்டு, தலையணை உறை கேட்டு வந்தவரிடம் வாயில் விரல் வைத்துக் காட்டினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. தொண்டையில் கரகரவென்று ஒரு குறட்டை, நடுவில் சட்டென்று நின்று, நெஞ்சே காலியாவது போல ஒரு பெருமூச்சு, மறுபடி குறட்டை. தூங்கும்போது அத்தை இப்படித்தான் இருப்பாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. விழித்ததும் அவளுக்கு ஒரே வெட்கம். "கடைத்தெருவுல வந்து படுத்துண்டு... ஆத்துல சொல்லித் தொலைக்காதே" என்றாள். நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மெத்தை வந்து அம்மாவின் கட்டிலில் ஏறியது. வலி போகவில்லை, ஆனால் அத்தை தூங்கக் கற்றுக்கொண்டாள். மத்தியானச் சாப்பாடு ஆனதும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தம்பி கண்ணில் படக் கூடாதென்று அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படுப்பாள். மெத்தையைத் தட்டிக் கொடுப்பாள். "இத்தனை வருஷம் யாருக்காகடி தரைல கெடந்தேன்?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கேட்டாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. யார் மேல் கோபப்படுவது, எல்லோரும் படமாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா அதற்கு முன்பே ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்துபோயிருந்தாள். எங்கள் பக்கத்தில் உயிர் பிரியப் போகிறது என்று தெரிந்ததும் கட்டிலிலிருந்து தரையில் இறக்கிவிடுவார்கள். பூமியில் உடம்பு பட்டுத்தான் போக வேண்டும், கட்டிலில் போனால் நல்ல கதி இல்லை என்பார்கள். ஆஸ்பத்திரியில் யார் இறக்குவார்கள்? துக்கம் கேட்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "கட்டில்லயே போயிட்டாளாமே" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த ஒரு வார்த்தை அப்பாவை அரித்துத் தின்றது. அக்கா விஷயத்தில் அப்படி ஆகக் கூடாது என்று அவர் மனசுக்குள் முடிவு கட்டி வைத்திருந்தார் போலிருக்கிறது.

அன்றைக்கு ஆபீசுக்கு எதிர்ப்போர்ஷன் மாமி போன் செய்தாள். "அத்தைக்கு ரொம்ப முடியலைடி, ஒடனே கெளம்பி வா" என்றாள். அந்த பஸ்ஸில் நான் தூங்கவில்லை. வீட்டுக்கு வந்தால் கட்டில் வெறும் பலகையாகக் கிடக்கிறது. அத்தை கூடத்துத் தரையில், தலைமாட்டில் விளக்கு, பக்கத்தில் தர்ப்பை. கண் திறந்திருந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். மாத்திரையின் வேகத்தில் அத்தை மத்தியானம் அசந்து தூங்கியிருக்கிறாள். வெகு நேரம் எழுந்திருக்கவில்லையே என்று அப்பா கதவைத் திறந்திருக்கிறார். வாய் திறந்திருக்கிறது, தொண்டையில் கரகரப்பு, நடுநடுவே மூச்சு நின்று நின்று வருகிறது. அப்பா "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டிருக்கிறார், பதில் இல்லை. மாமியும் வந்து பார்த்துவிட்டு மூச்சு மாறிவிட்டது என்றிருக்கிறாள். அறுபது வயதாகியும் அப்பா தன் அக்கா தூங்கிப் பார்த்ததில்லை. அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேரை அழைத்துவந்து தூக்கித் தரையில் கிடத்தி, கங்கை நீர் அடைத்த சொம்பை உடைத்து வாயில் விட்டிருக்கிறார்கள். அது புரையேறி அவள் விழித்துக்கொண்டாள்.

"நன்னா தூங்கிண்டிருந்தேண்டி. ஏன் எழுப்பினா?" என்று என்னைக் கேட்டாள்.

மெத்தையைத் தேடினேன். தீட்டு என்று தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டாகிவிட்டதாம். ஓடிப் போய்ப் பார்த்தேன். யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். எடுத்தவர்களாவது நன்றாகத் தூங்கியிருக்கட்டும்.

"சரி, தப்பாயிடுத்து. கட்டில்ல ஏத்துங்கோ" என்றேன். அப்பா அசையவில்லை. இறக்கினவர்களை மறுபடி ஏற்றக் கூடாதாம். புரோகிதம் பண்ணுகிற வாத்தியாரைக் கேட்டார், அவரும் வழக்கமில்லை என்றுவிட்டார். எமனுக்கு ஒரு தடவை காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்று மாமி விளக்கம் வேறு சொன்னாள். கம்பளி மட்டும் விரிக்கலாம், கம்பளிக்குத் தீட்டு இல்லை, அது மடி. முள் முள்ளாகக் குத்துகிற அந்தக் கம்பளியில், புற்று தின்ற முதுகோடு, அத்தை கிடந்தாள். அவள் சாகவில்லை. நாள் கணக்காகக் கிடந்தாள், கண் மட்டும் மூடவில்லை. போட்ட மாத்திரை எதுவும் அந்தத் தரையை ஜெயிக்கவில்லை.

"மெத்தை எங்கடா?" என்று தம்பியைக் கேட்டாள்.

"வெயில்ல போட்டிருக்குக்கா. சாயங்காலம் கொண்டுவரேன்" என்றார் அப்பா. மறுநாளும் கேட்டாள், அதையே சொன்னார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

நான் லீவு போட்டுவிட்டு ராயப்பேட்டைக்குப் போய் அதே மாதிரி இன்னொரு மெத்தை வாங்கி, ஆட்டோவின் மேல் கட்டிக்கொண்டு வந்தேன். கட்டில் வேண்டாம், தரையிலேயே விரித்து அதன் மேல் படுக்க வைக்கலாம் என்று மன்றாடினேன். அப்பா குறுக்கே வந்து நின்றார். "தரைன்னா தரைதான். நடுவுல பஞ்சு இருக்கப்படாது. அவ அலையணுமா? உங்கம்மா மாதிரி அவளும் அலையணுமா?" நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். தெருவே கேட்டிருக்கும்.

அத்தை என்னைக் கிட்டே கூப்பிட்டாள். குனிந்தேன்.

"வேண்டாம்டி. அவன் ரொம்ப பயப்படறான்" என்றாள்.

எனக்கு அந்த நொடியில் அவள் மேலேயே ஆத்திரம் வந்தது. சாகிற நேரத்திலும் தம்பிக்காக விட்டுக்கொடுக்கிற உடம்பு என்ன உடம்பு? மெத்தையைச் சுருட்டியபடியே கூடத்து மூலையில் சாய்த்து வைத்தேன். அத்தை படுத்த இடத்திலிருந்து பார்த்தால் அது நேராகத் தெரியும். இரண்டு நாள் கழித்து, நல்ல வெளிச்சத்தில், அதைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தாள். கண்ணை நான்தான் மூடிவிட்டேன்.

காரியங்களில் சய்யா தானம் என்று ஒன்று உண்டு. போனவர்கள் அந்த லோகத்தில் சுகமாகப் படுக்க வேண்டும் என்று, கட்டில் மெத்தை தலையணை எல்லாம் ஒருவருக்குத் தானம் கொடுப்பார்கள். வாத்தியார் மெத்தைக்கு ஏற்பாடு ஆகிவிட்டதா என்று கேட்டார். அப்பா கூடத்து மூலையைக் காட்டினார்.

"புதுசுதான். இலவம்பஞ்சு. யாரும் படுக்கலை" என்றார்.

அம்மாவின் கட்டிலில் அந்த மெத்தையை விரித்தார்கள். வெள்ளை விரிப்பு, புதுத் தலையணை, பக்கத்தில் விசிறி. தானம் வாங்க வந்தவர் பருத்த சரீரம். மந்திரம் முடிந்ததும் உட்கார்ந்து, சம்பிரதாயத்துக்குக் கொஞ்சம் சாய்ந்தார். "பலே, நன்னா இருக்கு" என்றார். அப்பா கைகூப்பி நின்றார். கண்ணில் நீர் வழிந்தது. பொய்யழுகை இல்லை, அது எனக்குத் தெரியும்.

"அக்கா இனிமே நிம்மதியா தூங்குவா" என்றார்.

"தூங்கிண்டுதான் இருந்தா. எழுப்பினது நீதாம்ப்பா" என்றேன், எல்லோர் முன்னாலும்.

தானம் வாங்கியவர் சட்டென்று எழுந்து, படுக்கையிலிருந்து தள்ளி நின்றார். அப்பா கூப்பிய கையை இறக்காமல் அந்த மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவர் உயிரோடு இருந்த வரைக்கும், ஒரு நாள்கூட என் எதிரில் கண் மூடிப் படுக்கவில்லை.