பெட்டி கட்டிக்கொண்டு போட்ட சண்டை

எனக்கு நெஞ்சு வலி வந்ததெல்லாம் என் ஓரகத்தியோடு சண்டை போடும்போதுதான். இதை டாக்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால், "சும்மா இருக்கும்போதே வருதுங்க" என்று சொல்லிவைத்தேன்.

ஓரகத்தி என்றால் என் கொழுந்தனார் மனைவி. நடுவில் ஒரு குட்டைச் சுவர். அந்தப் பக்கம் அவள் வீடு. இருவரும் ஒரே செராமிக் கம்பெனியில், ஒரே பலகையில் உட்கார்ந்து, கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டியவர்கள். ஒருநாள் முதலாளி புதுக் கோப்பையில் டீ குடித்தபோது கைப்பிடி மட்டும் கையோடு வந்துவிட்டது. டீ முழுக்க வேட்டியில். அந்தக் கைப்பிடியை ஒட்டியது யார் என்பதுதான் அன்றைக்கு ஆரம்பித்த சண்டை. எங்கள் இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது, சண்டை அப்படியே இருக்கிறது. நான் ஒட்டியது சூளையில் வெந்து வந்தால் கோப்பைதான் உடையும், கைப்பிடி கழன்றுகொள்ளாது. ஊருக்கே தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். ஈசிஜி எடுத்தார், எக்கோ பார்த்தார், இரண்டும் நன்றாக இருந்தன. மெஷின் மேல் வேகமாக நடக்க வைத்துப் பார்க்கலாம் என்றால் என் முட்டி ஒத்துக்கொள்ளாது. கடைசியில் நெஞ்சில் வயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டிவிட்டார். ஒருநாள் முழுக்க இதயம் துடிப்பதை அது பதிந்துகொள்ளுமாம். வலி வந்தால் பொத்தானை அமுக்கி, அப்போது என்ன செய்தேன் என்று ஒரு தாளில் எழுத வேண்டும்.

"எப்பவும்போல இருங்கம்மா" என்றார்.

நான் மூன்றாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனாலும் ஒரு மெஷின் என்னைக் கவனித்து எழுதுகிறது என்றால் மரியாதையாக நடந்துகொள்ள மாட்டேனா? பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வேண்டுமென்றே குடத்தை 'ணங்'கென்று வைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. தாளில் காப்பி, சோறு, படுத்தேன் என்று மூன்று வரி எழுதினேன்.

மறுநாள் டாக்டர், "ஒண்ணுமே இல்லியேம்மா, கேஸ் தொந்தரவா இருக்குமோ?" என்றார்.

கூட வந்த மருமகள் போட்டு உடைத்துவிட்டாள். "இவங்களுக்கு பக்கத்து வீட்டு சின்ன அத்தைகிட்ட சண்ட போட்டாத்தான் டாக்டர் வலி வரும். நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துடுவாங்க, வேர்த்து ஊத்தும். நேத்து போடல."

டாக்டர் சிரிக்கவில்லை. "இத மொதல்லியே சொல்லக்கூடாதாம்மா? கோவத்துல வலி வருதுன்னா ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கலாம். இப்படியே விட்டா உயிருக்கே ஆபத்து. நேரா ஆஞ்சியோ பண்ணிடலாம், கை வழியா ஒரு குழாய் விட்டுப் பாக்குறதுதான்."

"மெஷினே ஒண்ணுமில்லன்னுடுச்சி. மருமவ பேச்சக் கேட்டு நான் கையில ஓட்ட போட்டுக்கணுமா?"

எவ்வளவு சொல்லியும் நான் மசியவில்லை. கடைசியில் மறுபடியும் பெட்டியைக் கட்டினார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்து, உடனே வந்துவிட வேண்டும் என்றார்.

"சண்ட போடலாங்களா?" என்றாள் மருமகள்.

"நான் போடச் சொல்லல. பட்டுச்சேல மட்டும் வேணாம்."

அன்று சாயந்திரம் சுவர் ஓரம் போய் நின்றேன்.

"ஏண்டி, அந்தக் கைப்பிடிய ஒட்டுனது நீதான?"

அவள் வெளியே வந்தாள். என் கழுத்தோரம் தெரிந்த வயரையே பார்த்தாள். சண்டை போட்டால் உயிருக்கு ஆபத்து என்று மருமகள் அவளிடம் ஓதியிருக்கிறாள்.

"ஆமாங்கா. நான்தான் ஒட்டுனேன்."

"என்னாடி சொல்லுற?"

"என் கைப்பிடிதான். நீ போயி உக்காருக்கா."

"அப்ப இத்தினி வருஷமா பொய்யா சொன்ன?"

"பொய்தான்."

"எதுத்துப் பேசுடி!"

"மாட்டேன்."

இவ்வளவு பெரிய அவமானத்தை அவள் எனக்குச் செய்ததே இல்லை. பிச்சை போடுகிற மாதிரி ஒப்புக்கொள்கிறாள்! நெஞ்சை யாரோ பிசைவது போல் இருந்தது. வலி தாடைக்கு ஏறி, இடது கையில் இறங்கியது. பொத்தானை அமுக்கினேன். அவள் சுற்றிக்கொண்டு ஓடிவந்து, மாத்திரையை என் நாக்குக்கு அடியில் வைத்து, அழுதுகொண்டே முறத்தால் விசிறினாள். மருமகள் ஆட்டோ பிடிக்க ஓடினாள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் தாளில் ஓரகத்திதான் எழுதினாள். அவள் ஐந்தாவது படித்தவள், அதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை.

'அக்கா சண்டைக்கு வந்தார். நான் ஒப்புக்கொண்டேன். வலி.'

டாக்டர் அதைப் படித்தார். அதே நேரத்தில் பெட்டி பதிந்த கோடு கீழே இறங்கியிருந்ததைக் காட்டி, இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்றார். ஆஞ்சியோவுக்குத் தலையாட்டினேன். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெரிய ரத்தக்குழாய் ஒன்று நூல் மாதிரி சுருங்கிக் கிடந்தது. அங்கே ஸ்டென்ட் என்ற கம்பிவலையை வைத்து விரித்தார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அங்கிருந்த டாக்டருக்குக் கைவேலை சுத்தம். கைப்பிடி ஒட்டியிருந்தால் நன்றாக ஒட்டியிருப்பார்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து அவள் முருங்கைக்கீரை சாறு கொண்டுவந்தாள்.

"டாக்டரு என்னா சொன்னாங்க?"

"அடைப்பு போயிடுச்சி, எப்பவும்போல இருக்கலாம்னாங்க."

"மாத்திர போட்டியா?"

"போட்டேன்."

நான் சாற்றைக் கடைசிச் சொட்டு வரை குடிக்கும்வரை காத்திருந்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அந்தக் கைப்பிடி உன்னுதுதான்."

நானும் எழுந்து நின்றேன். விளக்கு வைக்கிற நேரம்வரை இருவரும் விடவில்லை. மருமகள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள். அது தேவைப்படவில்லை.