தனக்குப் பிறகு ஆனிமேரிக்கு

தனிஸ்லாஸ் தன் சாவைப் பற்றி அடிக்கடி பேசுவார். பயந்து பேசுவதில்லை, ஊருக்குப் போகிறவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்வார். அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் அறுபத்தைந்தைத் தாண்டவில்லை. மனைவி ஆனிமேரி அவருக்கு ஆறு வயது இளையவள். தான் போனபின் அவள் இருபது வருடமாவது தனியாக இருப்பாள் என்று நம்பினார். அப்பா இறந்தபின் தன் அம்மா மாதத்துக்கு ஒரு மகன் வீடு என்று துணிப்பையோடு அலைந்ததைப் பார்த்தவர் அவர்.

மதுரையில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தார். அரசு உதவி பெறாத பள்ளி, பென்ஷன் கிடையாது. ஓய்வு பெற்றபோது வந்த பி.எஃப். பணத்தில் பெரும்பகுதியை வங்கியில் டெபாசிட் போட்டார். அந்த வட்டியில் ஒத்தக்கடையிலிருந்த சொந்த வீட்டில் இருவரும் காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தார். இரண்டு வருடம் கழித்துப் புதுப்பிக்கப் போனால் வட்டி விகிதம் சரிந்து கிடந்தது. கோயம்புத்தூரிலிருந்த மகன் ஆன்றோவின் பேச்சைக் கேட்டு மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருந்த மீதியும் கொரோனா வந்த மாதத்தில் மளமளவென்று இறங்கியது. தூக்கம் போய், நஷ்டத்தோடு எடுத்துவிட்டார். அடுத்த வருடமே சந்தை ஏறிவிட்டது என்று ஆன்றோ சொன்னான்.

கடைசியில், கொஞ்சத்தை மட்டும் வங்கியில் விட்டுவிட்டு மீதிப் பணத்துக்கெல்லாம், வட்டி ஏறினாலும் இறங்கினாலும் சாகும்வரை ஒரே தொகை தரும் பென்ஷன் பாலிசி ஒன்றை எடுத்தார். தன் பேருக்கு மட்டும் எடுத்திருந்தால் மாதம் கூடுதலாக வந்திருக்கும். தனக்குப் பின் ஆனிமேரிக்கும் முழுசாக வரவேண்டும் என்று கேட்டார்; அதனால் தொகை குறைந்தது. குறைந்த அளவுக்கு வாழ்க்கையையும் குறைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறி மாதத்துக்கு ஒருமுறை ஆனது. ஆட்டோ நின்று டவுன் பஸ் ஆனது.

இரண்டாயிரத்து இருபத்துநான்கு கடைசியில் ஒருநாள் ஆனிமேரி பங்குக் கோயிலில் பூசை முடிந்து வேகமாக வந்தாள்.

"என்னங்க, பங்குல கோவாவுக்கு வண்டி போடுறாங்க. அங்க கோயில்ல இருக்குற சவேரியார் உடலப் பாக்க. பத்து வருசத்துக்கு ஒருக்கத்தேன் எறக்கி வைப்பாங்களாம்."

"எம்புட்டுக் கேக்குறாங்க?"

சொன்னாள்.

"வட்டி மறுபடி எறங்கப் போகுதுங்கிறாங்க மேரி. பேங்க்ல கெடக்குற கொஞ்சத்தையும் தொட்டுட்டா நாளைக்கு நோய் நொடின்னா என்ன செய்ய? அடுத்த தடவ போவோம்."

"அடுத்த தடவன்னா எனக்கு அறுபத்தெட்டு."

"ஒனக்கென்ன, நீ இருப்ப. நாந்தேன் இருக்க மாட்டேன்."

அவள் முகம் மாறியது. "நீங்க இல்லாத காலத்துக்கு இம்புட்டு யோசிக்கிறீங்க. இப்ப ரெண்டு பேரும் இருக்கோம்ல?"

வண்டி புறப்பட்ட அன்று எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு போய் மற்றவர்களை வழியனுப்பிவிட்டு வந்தாள். "ரெண்டு சீட்டு காலியாத்தேன் போகுது" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஆகஸ்டில், காலையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் மாட்டுத்தாவணியைத் தாண்டும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கென்று அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த பணத்துக்கு வேலையே வரவில்லை.

நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் இறப்புச் சான்றிதழோடு பாலிசி அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அஸ்வினி என்ற பெண் தாளைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"உங்களுக்கு வர்ற தொகை மாறாது சார். கடைசி வரைக்கும் இதேதான்."

"அவளுக்கும் வரணும்னுதானம்மா கொறச்சு வாங்குனேன்."

"ஆரம்பத்துலயே எடுத்த முடிவு சார். இனிமே கூட்ட முடியாது."

"கூட்டித் தரச் சொல்லலம்மா." அவர் சான்றிதழில் இருந்த பெயரைப் பார்த்தார். "அவ முந்திருவான்னு எனக்குத் தோணவேயில்லையே."

அஸ்வினி தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். இனி நாமினியாக யார் பேரைப் போடுவது என்று கேட்டாள். ஆன்றோ பேரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் ஆன்றோ போன் பண்ணினான்.

"எங்ககூட வந்துருங்கப்பா. அங்க தனியா செலவுக்கு என்ன பண்றீங்க?"

"செலவா? மாசக் கடைசில பாதிக்கு மேல மிஞ்சுதுடா" என்றார் தனிஸ்லாஸ். போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் மகன் அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.