நாத்தனார் வீடு

எண்பத்து மூன்றில் கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். ரப்பர் மரம் சீவிவிட்டுப் பகல் ஒரு மணிக்கே வீடு திரும்பும் என் கணவர் அருளப்பன், தேநீரை முதலில் தன் அக்காவுக்கு ஆற்றிக் கொடுப்பார். பிறகு தனக்கு. எனக்கு மூன்றாவது. எங்கள் திண்டுக்கல் பக்கத்தில் ஆண்பிள்ளை தேநீர் ஆற்றி நான் பார்த்ததே இல்லை. கடைசியில் ஒருவரைப் பார்த்தேன், அவரும் எனக்காக ஆற்றவில்லை.

எங்கள் வீடு பத்தாங் பெர்ஜுந்தை ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்ப்பதற்காகக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர் அந்த அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடும் சவரியம்மா. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் எல்லோரும் அதைத் தியாகம் என்பார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரவாங் பட்டணத்தில் தொழிற்சாலை வேலை கிடைத்தும், "அக்காவ விட்டுட்டு எப்படிப் போறது?" என்று இவர் அசையவில்லை. பாசத்தைக் காட்டியே இவரைக் கட்டிப்போட்டிருக்கிறாள் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் சாமியார் வந்தார். எங்கள் ஊர்க் கோயிலில் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குத் தட்டி மறைத்த மரத்தொட்டி உண்டு. முணுமுணுத்தால் போதும், வெளியே கேட்காது. இங்கே ரம்புத்தான் மரத்தடியில் ஒரு நாற்காலி, அதன் பின்னால் வரிசை. சாமியாருக்கோ காது மந்தம்.

"சத்தமா சொல்லும்மா."

சொன்னேன். "என் நாத்தனார் மேல பொறாமை சாமி! அவங்க செத்தாத்தான் எனக்குப் புருஷன்னு நெனச்சேன்!"

எழுந்து திரும்பினால் எனக்கு அடுத்து முக்காட்டோடு நின்றவர் அண்ணிதான்.

அன்று சாயங்காலம் செபம் முடிந்ததும் அவர் தம்பியிடம் சொன்னார்: "அருளு, ரவாங்குக்கு நீ போடா. ரெஜினாவையும் கூட்டிக்க."

"ஒனக்கு யாரு இருக்கா, அக்கா?"

"எனக்கென்னா, கையி காலு நல்லாத்தானே இருக்கு. ஒன்னைய நான் ஆசப்பட்டு வளத்தேன். அதுக்காக நீ இங்கயே கெடக்கணும்னா, அப்புறம் அது என்னா அன்பு?"

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இவரைக் கட்டியிருந்தது இவருடைய குற்றவுணர்ச்சி. என்னைக் கட்டியிருந்தது என் வயிற்றெரிச்சல். தன்னையே கொடுத்துவிட்ட அந்த மனுஷி மட்டும்தான் அந்த வீட்டில் சுதந்திரமாக இருந்தார். சிலுவையில் தொங்கியவரைப் பற்றிச் சிறுவயது முதல் கேட்ட பிரசங்கமெல்லாம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. புரிந்தும் மறுவாரமே மூட்டை கட்டினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது எனக்கு ஏழு மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், எப்போது புறப்படுகிறாய் என்று அம்மா திண்டுக்கல்லிலிருந்து எழுதியிருக்கிறாள். போன வாரம் இவரிடம் சொல்லிவிட்டுத் தனியாகவே பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். நாங்கள் இல்லாமல் அண்ணி இளைத்துப் போயிருப்பார் என்று எண்ணியிருந்தேன். அவரோ அடுத்த வீட்டுக்காரியின் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் இந்தத் தடவை அது வேறு எரிச்சல்.

"வாம்மா ரெஜினா. என்னா திடீர்னு?"

"அந்தப் பிள்ளைய அவ அம்மாகிட்டக் குடுத்துருங்க அண்ணி. நான் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கேன்."

இதைத் திண்டுக்கல்லில் வாசிக்கும் என் அம்மா மன்னிக்க வேண்டும். எனக்கு அவளும் வேண்டும். அண்ணி எனக்கு மட்டுமே வேண்டும்.