சின்னம்மாவின் வயிற்றில் இருந்தது

சின்னம்மாவின் வயிறு வளரத் தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. குருநகரில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே வளவுக்குள் இருந்தன. நடுவில் ஒரு கிணறு. சின்னம்மா என் அம்மாவின் தங்கை. சித்தப்பா கடலுக்குப் போகிறவர். கலியாணமாகி வருடங்கள் கழிந்தும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதை ஒரு குறை என்று நான் அறிந்திருக்கவில்லை. சின்னம்மாவின் மடி முழுவதும் எனக்கே கிடைத்ததால் அது வசதியாகக்கூட இருந்தது.

அந்த வருடம் மீன் வெட்டும்போது கெளிற்று முள் ஏறிச் சின்னம்மாவின் கை சீழ் கட்டிவிட்டது. சீழுக்கு மாதக்கணக்கில் மருந்துக் குளிசை போட்டார். கை ஆறியது, வயிறு ஊதத் தொடங்கியது. காலையில் குமட்டி ஓங்காளிப்பார். கோயில் வாசலில் பெண்கள் அவர் முகத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். சின்னம்மா தானும் சிரிப்பார். நடையும் மாறியது. நிறைகுடத்தைச் சுமப்பவர்போல ஒரு கையை வயிற்றின் கீழ் கொடுத்துக்கொண்டே நடந்தார்.

சித்தப்பா அவரை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்தபோது ஓட்டோ படலையடியில் நின்றது, சின்னம்மா இறங்கவில்லை. சித்தப்பா இறங்கிக் காசு கொடுத்து, கதவடியில் நெடுநேரம் நின்றார். அம்மா ஓடிப்போய்க் குனிந்து கேட்டுவிட்டு வந்து அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "பிள்ளை இல்லையாம்."

பிள்ளை இல்லை என்பது எனக்கே தெரிந்த விஷயம். அதைச் சொல்ல ஏன் ஓட்டோவில் போய்வந்தார்கள் என்று யோசித்தேன். பிறகு அம்மாவைப் பிடித்துக் கேட்டேன்.

"சின்னம்மாவின்ரை வயித்துக்குள்ள பங்கஸ் எண்டு ஒரு பூஞ்சணம் வளருதாம். கனநாள் குளிசை போட்டதாலை வந்ததாம். இனிப்பும் பாணும்தான் அதுக்குத் தீன். அதுகளை நிப்பாட்டினா செத்துப்போமாம்."

"எது செத்துப்போம்?"

"உள்ளுக்கை இருக்கிறது."

வைத்தியர் கொடுத்த மருந்தைப் பற்றியும் அம்மா ஏதோ சொன்னார். அது என் காதில் ஏறவில்லை.

அன்றே சின்னம்மாவின் குசினி வெறுமையாயிற்று. சீனி, பனங்கட்டி, பேக்கரிப் பாண், வாழைப்பழம் எல்லாம் கிணற்றைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தன. அவருக்கு அவித்த மீன், முட்டை, முருங்கையிலை, புடலங்காய், இவ்வளவுதான். அப்பம், தோசை, புளித்தது எதுவும் ஆகாது. ஏன் ஆகாது என்று கேட்டதற்கு, கள்ளு விட்டுக் கரைத்து வைத்திருந்த அப்பமாப் பானையை அம்மா திறந்து காட்டினார். முதல்நாள் அரைப்பானையாக இருந்த மா விளிம்புவரை எழும்பி நின்றது. மேலே ஒரு கொப்புளம் மெல்லப் பொங்கி, கண் மூடுவதுபோல் அடங்கியது. பக்கத்தில் இன்னொன்று திறந்தது.

"இதே சாதிச் சாமான்தான் அவளின்ரை வயித்துக்குள்ளயும்" என்றார் அம்மா. அதன்பின் எங்கள் குசினிக்குள் நான் தனியே போகவில்லை.

முதல் கிழமை சின்னம்மாவுக்குத் தலையிடி, கை நடுக்கம். பின்னேரங்களில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கும் ஓட்டோ வரும். அது சந்தியில் திரும்பும்போதே சின்னம்மாவின் வயிறு இரையும். பக்கத்தில் இருந்த எனக்குத் தெளிவாகவே கேட்கும், களிமண்ணுக்குள் யாரோ கால் வைத்து இழுப்பதுபோல. சின்னம்மா தன் காதுகளைப் பொத்தமாட்டார். இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்துவார். பாட்டைக் கேட்டது அவரல்ல என்று எனக்கு விளங்கிவிட்டது.

ஒருநாள் கிணற்றடியில் நின்று நான் அந்த ஓட்டோவில் வாங்கிய பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், சன்னலில் சின்னம்மா. கண்கள் என் வாயில் இருந்தன. என்னை அவருக்குத் தெரியாததுபோல இருந்தது. நான் மெல்லுவதை நிறுத்தினேன். அவர் குனிந்து தன் வயிற்றோடு கதைத்தார்.

"கொஞ்சம் பொறு. என்ரை குஞ்சல்லே, கொஞ்சம் பொறு."

உள்ளே இருப்பதை அவர் பட்டினி போட்டுக் கொல்கிறார் என்றல்லவா அம்மா சொல்லியிருந்தார்? கொல்லப்போவதை யாராவது குஞ்சு என்று கூப்பிடுவார்களா? பணிஸை மேல்சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். செபமாலை சொல்லும்போது எல்லோரும் அவருடைய சுகத்துக்காக மன்றாடினார்கள். நான் அது வெளியே வரக்கூடாது என்று மன்றாடினேன்.

கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு எழும்பி, சின்னம்மா மெலிந்துகொண்டே போனார். வயிறு மட்டும் அப்படியே இருந்தது. அவர் உடம்பையே அது தின்கிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் அதுவும் இறங்கத் தொடங்கியது. ஓங்காளிப்பு நின்றது. பாண் ஓட்டோ பாடிக்கொண்டு போனாலும் அவர் வயிறு இரையவில்லை. வைத்தியர் இனி மெல்ல மெல்ல எல்லாம் சாப்பிடலாம் என்றார். சித்தப்பா பெரிய பாரை மீன் கொண்டுவந்தார். அம்மா கிணற்றடியில் நின்றே, "மாதாவே, தப்பினாள்" என்றார். கோயில் பெண்கள் இப்போது சின்னம்மாவின் முகத்தைப் பார்த்து, "வடிவா மெலிஞ்சிட்டீர்" என்றார்கள். அதற்கும் அவர் சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சமைத்த பாரையை எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, சின்னம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கட்டிலில் சாய்ந்து படுத்தார். சேலைக்குள் வயிறு தட்டையாகக் கிடந்தது.

"இஞ்சை வா. காதை வைச்சுக் கேள்."

பயமாக இருந்தது. ஆனாலும் அவர் கூப்பிட்டால் போகாமல் இருக்க எனக்குத் தெரியாது. காதை வைத்தேன். தோல் குளிர்ந்திருந்தது. எங்கோ தூரத்தில் அவருடைய நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

"என்ன கேக்குது?"

"ஒண்டும் கேக்கேல்லை."

"வடிவாக் கேள்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். உள்ளே ஒரு சிறு இரைச்சல்கூட இல்லை. பல நாள் பயம் ஒரேயடியாக விட்டுப்போக, நான் துள்ளி எழும்பிச் சத்தமாகச் சொன்னேன்:

"ஒண்டுமே இல்லை, சின்னம்மா! செத்துப்போச்சு!"

கட்டிப்பிடித்துக் கொஞ்சுவார் என்று காத்திருந்தேன். அவர் கூரை முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய கை, முள் ஏறிய தழும்புக் கை, என் தலையைப் பிடித்து மெல்லத் தன் வயிற்றில் அழுத்தியது.

"மற்றக் காதை வைச்சுக் கேள்" என்றார்.

இவ்வளவு நல்ல செய்தியை அவர் ஏன் நம்ப மறுக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மற்றக் காதையும் வைத்தேன்.