வேலிக்கு வெளியே திடல்

மலாயாவில், மம்பாவ் தாண்டி ஒரு ரப்பர் தோட்டம். விறகு இறக்கிவிட்டுத் திரும்பும் என் லாரி கம்பிவேலிக் கேட்டில் நிற்கிறது. இரண்டாம் வகுப்போடு நின்ற நான் சொந்தமாக வாங்கிய லாரி. சிரம்பானில் இதைத் தெரியாத ஆள் இல்லை.

முன்னால் தோட்டத்துப் பந்தாட்டக் குழு. கவர்மெண்டு அவர்களுக்கு வேலிக்கு வெளியே திடல் வெட்டி, கோல் கம்பம் நட்டு, பந்தும் கொடுத்திருக்கிறது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று காவல்காரர் பந்தின் வாரை அவிழ்த்து, காற்றை இறக்கி, உள்ளே விரல் விட்டுத் துழாவுகிறார்.

“அரிசி இல்ல. போலாம்.”

“காத்தும் இல்லயே லா!” குழுத் தலைவன் முனியாண்டி என்னிடம் திரும்புகிறான். “பக்கத்துத் தோட்டத்துக்காரன் திடல்ல நிக்கிறான் அண்ணே. ஊரடங்கு தொடங்குறதுக்குள்ள ஆடலன்னா பயந்துட்டோம்னு சிரிப்பான். கவர்மெண்டு பம்பு தரல.”

“கவர்மெண்டு தராட்டி என்னடா, நான் இருக்கேன்ல.”

லாரி பம்பை எடுத்து நானே அடிக்கிறேன். பந்து கல் மாதிரி ஆகிறது. திடலுக்கு ஓடுகிறார்கள், ஆட்டம் தொடங்கிய கூச்சல் கேட்கிறது. நான் இல்லாவிட்டால் இந்த ஆட்டமே இல்லை.

காவல்காரர் என் லாரியைச் சுற்றி வந்து மாற்று டயரைத் தட்டுகிறார்.

“இதுக்குள்ள என்னண்ணே?”

“காத்து. நானே அடிச்சது.”

“எறக்குங்க, பாப்போம்.”