வயலில் கிடைத்த அம்மன்

தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் நிற்கும் செப்புத் திருமேனிகளில் ஒரு அம்மனுக்கு இடது தோளில் சின்னதாக ஒரு வெட்டு உண்டு. அது என் அப்பாவின் மண்வெட்டி பட்ட காயம்.

அப்போது எனக்கு எட்டு வயது. திருவாரூருக்குத் தெற்கே எங்கள் ஊர். தாத்தா காலத்திலிருந்து குத்தகைக்குப் பயிர் செய்த வயலிலிருந்து எங்களை வெளியேற்ற மிராசுதார் வழக்குப் போட்டிருந்தார். நாங்கள் குத்தகைதாரர்களே இல்லை, கூலிக்கு வந்துபோகிறவர்கள் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார். எங்களிடம் சீட்டு எதுவும் கிடையாது. அறுவடைக்கு அறுவடை நெல்லை அளந்து வாங்கியவரே இல்லை என்றால் யாரைச் சாட்சிக்கு அழைப்பது? உழுபவனுக்கே நிலம் என்று மதகுச் சுவரில்கூட எழுதியிருந்தார்கள். ஆனால் மிராசுதாருக்கு எதிராக வாய் திறக்க ஊரில் ஆளில்லை.

அந்தக் கோடையில், வயல் மூலையிலிருந்த மேட்டை வெட்டிச் சமன் செய்தபோதுதான் மண்வெட்டி எதிலோ மோதியது. அப்பாவும் அத்தையும் கையால் மண்ணைப் பறித்தார்கள். முதலில் ஒரு தோள், பிறகு கழுத்து, பிறகு பச்சை படிந்த முகம். வீட்டுக்கு எடுத்துப்போனால் திருட்டு. திரும்ப மூடினாலும் மறைத்த குற்றம். அத்தைதான் அப்பாவைச் சைக்கிளில் தாலுகா ஆபீசுக்கு விரட்டினாள்.

அதற்குள் செய்தி ஊருக்குள் போய்விட்டது. மிராசுதாரின் ஆட்கள் கம்புகளோடு வரப்பில் வந்து நின்றார்கள். அத்தை குழிக்குள் இறங்கி, அம்மன் மேல் முந்தானையைப் போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து என்னை மடியில் இழுத்துக்கொண்டாள்.

“தாசில்தார் வந்து எடுக்கட்டும். அதுக்கு முன்னாடி கை வக்கிறவன் எங்களையும் சேத்துத்தான் தூக்கணும்.”

ஒருவன் காலால் மண்ணைக் குழிக்குள் தள்ளினான். அது என் கண்ணில் விழுந்தது. அழக்கூடப் பயமாக இருந்தது. அத்தையின் நெஞ்சு அடித்துக்கொள்வது என் முதுகில் தெரிந்தது.

வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் ஜீப் வந்தது. அதிலிருந்து அப்பாவும் தாசில்தாரும் கலைக்கூடத்து அதிகாரி ஒருவரும் இறங்கினார்கள். மிராசுதாரும் காரில் வந்துவிட்டார். அதிகாரி கைக்குட்டையால் அம்மன் முகத்தைத் துடைத்துவிட்டுக் குழியைச் சுற்றிலும் பார்த்தார்.

“அம்மனை மட்டும் தனியாப் பொதைச்சிருக்க மாட்டாங்க. கூடச் சாமியும் இருந்திருக்கணும். அது எங்க?”

கோயில் சிலைகள் களவுபோய்க் கப்பலேறுவதாக எங்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. நிலம் உங்களுடையதுதானே என்று தாசில்தார் மிராசுதாரிடம் திரும்பினார். மிராசுதாரின் முகம் வெளுத்துவிட்டது.

“எனக்கு என்னங்க தெரியும்? நான் இந்த வயல்ல கால் வச்சே வருஷக்கணக்காச்சு. காலங்காலமா இவன்தான் குத்தகை. என்ன வெட்டுனான், என்ன எடுத்தான்னு இவனைக் கேளுங்க.”

அத்தை எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள்.

“அய்யா சொல்றது நெசங்க. காலங்காலமா நாங்கதான் குத்தகை. அவங்க சொன்னபடியே எழுதிக்குங்க.”

தாசில்தார் எழுதினார். தன்மேல் பழி வராமல் தப்பித்தால் போதுமென்று மிராசுதார் அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். அம்மனை வைக்கோல் சுற்றி ஜீப்பில் ஏற்றினார்கள். விசாரிக்க வேண்டும் என்று அப்பாவையும் ஏற்றினார்கள். நான் ஜீப்பின் பின்னாலேயே ஓடி வரப்பில் விழுந்தேன்.

மறுநாள் இன்னும் ஆழமாக வெட்டியபோது சாமியும் அங்கேயே கிடைத்தார். அப்பாவை அனுப்பிவிட்டார்கள். ஊரறியப் போட்ட கையெழுத்தை மிராசுதாரால் மறுக்க முடியவில்லை. வழக்கு அதோடு படுத்துவிட்டது. இன்றைக்கும் அந்த வயலில் என் தம்பிதான் நடவு நடுகிறான்.

ஆனால் அப்பா இல்லாத அன்று சாயங்காலம் இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அம்மனையும் அப்பாவையும் ஒரே வார்த்தையில் தூக்கிக் கொடுத்துவிட்டு, அத்தை வாய்க்காலில் மண்ணைக் கழுவிக்கொண்டு வந்து சோறாக்கினாள். என்னைக் கூப்பிட்டு ஒரு கவளம் உருட்டி நீட்டினாள். அப்பாவைக் காட்டிக்கொடுத்தவள் கையால் சாப்பிட மாட்டேன் என்றேன். அவள் கோபப்படவில்லை. சிரித்தாள். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.